பஞ்சு பொறுக்கிய துணி

எங்கள் ஒழுங்கையில் பகல் வேளையில் வீட்டோடு இருக்கும் ஆம்பிளை நான் ஒருவன்தான். மற்றவர்கள் விடிந்தால் வயலுக்கோ கடலுக்கோ கல்முனைச் சந்தைக்கோ போய்விடுவார்கள். நான் விறாந்தையில் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருப்பேன். அதனால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்தக் குறுகிய தெருவின் கோழிகள் எல்லாம் என் கையால்தான் போயின. பெண்கள் அறுத்தாலும் கூடும் என்று மௌலவி எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். ஆனாலும் எந்தப் பெண்ணும் அறுக்கமாட்டாள். ஒரு கையில் கோழியும் மறு கையில் கத்தியுமாகப் படலையில் வந்து நின்று, "டெயிலர் காக்கா, இதக் கொஞ்சம் அறுத்துத் தாங்க" என்பாள். நான் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழும்புவேன். கத்தியைப் பெருவிரலில் தடவிப் பார்ப்பேன். மொட்டைக் கத்தி கொண்டுவந்தவளுக்கு நல்ல ஏச்சு விழும். சட்டைக்குத் தவணை சொல்லி ஏமாற்றுகிறவன் என்று என்னை யாரும் சொல்லலாம். அறுப்பில் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

எதிர்வீடு மீராசாவின் வீடு. சரியாகச் சொன்னால் அவர் மனைவி சுபைறாவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகன்மார் இரண்டுபேரும் கலியாணம் முடித்துப் பெண்வீடுகளுக்குப் போய்விட்டார்கள், ஒருவன் மருதமுனைக்கு, மற்றவன் பாலமுனைக்கு. பெண்பிள்ளை இல்லாததால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை என்று வர ஒருவரும் இல்லை. புருசனும் பெண்சாதியும் சீனி என்றொரு பூனையும்தான். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவர்களுடைய கூரையும் போனது, பூனையும் போனது. நாலாம் நாள் பூனை மட்டும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சீனிக்கு வைத்த பிறகுதான் மனிதருக்குச் சோறு.

முயல்கள் வந்தது எண்பத்தோராம் ஆண்டுக் கடைசியில். மீராசா அம்பாறைக்கு உரம் வாங்கப் போனவர், உரத்தோடு ஒரு பன்புல் பையும் கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு வெள்ளை முயல்கள். மீராசா ஆறடி ஆள். மாட்டோடும் சத்தம், மனிதரோடும் சத்தம். அவர் விறாந்தையில் குந்தி, அந்தப் பெரிய கையில் பசளிக்கொடியை வைத்துக்கொண்டு, முயல் வந்து தின்னும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"ரெண்டும் பொட்ட, மச்சான். குட்டி போட்டுப் பெருகி வயலத் தின்னுமெண்டு பயப்படத் தேவல்ல. யாவாரி சத்தியம் பண்ணித் தந்த" என்றார்.

பெரியதற்குப் பெரியவ என்று பெயர். சின்னதற்குப் பஞ்சு. சீனி முதல் நாள் முதுகைத் தூக்கிச் சீறியது. மூன்றாம் நாள் பெரியவவிடம் முகத்தில் ஒரு உதை வாங்கியது. பிறகு மூன்றும் ஒரே சாக்கில் படுத்தன. சுபைறா காலையில் புட்டவித்துவிட்டு, வரம்போரங்களில் அறுகம்புல்லும் வத்தாளங்கிழங்குக் கொடியும் பிடுங்கி வருவாள். வாயைத் திறந்து அதிகம் கதைக்காத பெண் அவள். முயலோடு மட்டும் கதைப்பாள். தொழும்போது பஞ்சு பாயின் ஓரத்தில் வந்து உட்காரும், அவள் நெற்றியை நிலத்தில் வைக்க ஸஜ்தாவுக்குப் போகையில் ஒதுங்கிக்கொள்ளும். இதை என் மனைவி பார்த்துவந்து எனக்குச் சொன்னாள்.

மார்கழி மழை விடாமல் அடித்த ஒரு கிழமை, ஈரக்கொடியைத் தின்று பெரியவவுக்கு வயிறு ஊதிவிட்டது. சுபைறா ஓமத்தண்ணீர் பருக்கிப் பார்த்தாள். விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது அது விறைத்துக் கிடந்தது. மீராசா முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார்.

அப்போது சபியா உம்மா வந்தாள். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். அப்பம் சுட்டு விற்று நாலு பிள்ளைகளை வளர்க்கிறவள். அப்பப் பெட்டியை இடுப்பில் வைத்தபடியே குழியை எட்டிப் பார்த்தாள்.

"வயிறு ஊதினத நேத்தே கண்டிரிக்காய். கண்டவுடன டெயிலர் காக்காக்கிட்டக் கொண்டு போயிருந்தா ஹலாலாப் போயிரிக்கும். என்ட புள்ளையளாவது ஒரு நேரம் நல்லாத் தின்டிரிக்கும். இப்ப மண்ணுக்குக் குடுக்காய். அல்லாஹ் தந்த இறைச்சிய வீணாக்கினதுக்கு என்னகா பதில் செல்லப்போறாய்?"

சுபைறா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் என் விறாந்தையில் இருந்தேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"சபியா உம்மா செல்லுறதும் சரிதான் புள்ள. உசிர் போக முந்தி கொண்டு வந்திரிக்கலாம்" என்றேன்.

மீராசா மண்ணைத் தள்ளி மூடினார். அவ்வளவுதான். நானும் தைக்கத் தொடங்கிவிட்டேன். தை மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. வெள்ளைச் சட்டைகள் மலைபோலக் கிடந்தன.

வயலில் கதிர் தள்ளும் காலம். பன்றிக் காவலுக்கு மீராசா சவளக்கடைப் பக்கமுள்ள வயல்வாடியில் தங்கிவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் சைக்கிளில் வந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பிப் போவார். வீட்டில் சுபைறாவும் பஞ்சுவும் சீனியும். சீனி அந்தக் கிழமைதான் பிஸ்கட் பெட்டிக்குள் மூன்று குட்டி போட்டிருந்தது.

பஞ்சு தனித்துப்போனதால் ஒழுங்கையைக் கடந்து என் விறாந்தைக்கு வரத் தொடங்கியது. மெசினுக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணிகளை முகர்ந்து பார்க்கும். பிறகு வாய் நிறையக் கவ்விக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடும். வெள்ளைத் துண்டு, நீலத் துண்டு, ஒரு கலியாணச் சட்டையின் பச்சைப் பட்டுத் துண்டு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம்.

"சுபைறா, உன்ட மகள் என்ட தொழிலப் பழகுறாள் போல" என்று சத்தம் போட்டேன்.

பெரியவ செத்த பிறகு முதன்முதல் அவள் சிரித்தாள். "பள்ளிக்கூடம் தொறக்கப் போகுதெல்லா காக்கா, அவளுக்கும் சட்ட வேணுமே" என்றாள்.

நான் முப்பது வருடமாகத் துணி வெட்டுகிறவன். நாலு பிள்ளைகள் பிறந்த வீட்டுக்காரன். கோழி வைக்கோலை இழுத்துக் கூடு கட்டுவதையும் கண்டவன். ஒரு முயல் துணி பொறுக்கினால் அது என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் பொட்டை என்று யாரோ ஒரு வியாபாரி சொன்னதை ஒழுங்கையே நம்பியிருந்தது.

திங்கட்கிழமை காலை பத்துமணி இருக்கும். தூறல். சுபைறா ஒழுங்கையைக் கடந்து வந்தாள். தலையில் முந்தானை நிற்கவில்லை. ஒரு கையில் துவாயில் சுற்றிய பஞ்சு. மறு கையில் கத்தி.

"காக்கா, கெதியா வாங்க. இதுவும் போகப்போகுது."

துவாயை விலக்கிப் பார்த்தேன். நெஞ்சிலும் வயிற்றிலும் முடி இல்லை. தோல் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. மூச்சு வேகமாக ஓடியது. கண் முழித்தபடி இருந்தது.

"நேத்திலிருந்து ஒரு இலை தின்னல்ல. மூலையில பதுங்கிக் கிடக்கு. முடியெல்லாம் கழருது. சொறி வருத்தமாக்கும்" என்றாள்.

"மச்சான் வியாழக்கிழம வருவார்தானே. வந்த பொறகு பாப்பமே."

"அதுக்கிடையில செத்துப்போனா? மறுகாவும் மண்ணுக்கா குடுக்கச் செல்லுறீங்க?"

சரிதான் என்று முன்பு சொன்னவன் நான்தானே. மிருக டாக்டரிடம் மாட்டைக் கொண்டு போவார்கள். முயலைக் கொண்டு போனால் சிரிப்பார்கள். கத்தியைத் தடவிப் பார்த்தேன். நன்றாகத் தீட்டியிருந்தாள்.

"நீ உள்ளுக்குப் போ புள்ள."

அவள் என் மனைவியிடம் குசினிக்குள் போய்விட்டாள். நான் கிணற்றடியில் கிப்லாவைப் பார்த்து முயலைக் கிடத்தினேன். காலைச் சேர்த்துப் பிடித்தபோது அது உதைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பிஸ்மி சொல்லி அறுத்தேன். ஒரே இழுப்பு. என் கை பழகிய கை.

உரித்து வயிற்றைத் திறந்தபோதுதான் கண்டேன். கோழிக்குள் முட்டைகள் கிடப்பதைக் காண்பது எனக்குப் புதிதல்ல. அப்படி ஏதோ என்றுதான் முதலில் எண்ணினேன். இவை அசைந்தன. பெருவிரல் அளவில் ஆறு குட்டிகள். முடி இல்லை, கண் திறக்கவில்லை, காதுகள் தலையோடு ஒட்டியிருந்தன. நாளைக்கோ மறுநாளோ பிறக்க இருந்தவை. நாலு அசைந்தன, இரண்டு அசையவில்லை.

கத்தியைக் கல்லில் வைத்துவிட்டு, "சுபைறா" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. குந்தி, அசைந்த நாலையும் ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"அப்ப பெரியவ கடுவன்" என்றாள்.

"ஓம் புள்ள."

"முடிய அதுதான் புடுங்கியிரிக்கி. குட்டிக்கி விரிக்க."

"ஓம்."

"இறைச்சிய சபியா உம்மாட ஊட்டுக்கு அனுப்புங்க காக்கா" என்றாள். குட்டிகளை முந்தானையில் ஏந்திக்கொண்டு தூறலில் நடந்து போனாள்.

நான் அசையாத இரண்டையும் வேலியோரம் புதைத்துவிட்டு, இறைச்சியை வெட்டி அனுப்பினேன். சபியா உம்மா பின்னேரம் வந்து துஆச் செய்தாள். உறைப்பாகக் கொச்சிக்காய் போட்டு ஆக்கினாளாம், பிள்ளைகள் எலும்பையும் சூப்பினதாம். ஒன்றும் வீணாகவில்லை.

அரிசிப் பெட்டகத்துக்குப் பின்னால் பஞ்சுவின் கூடு இருந்ததை அன்றுதான் சுபைறா கண்டாள். என் வெட்டுத்துணிகளைப் போட்டு, அதற்கு மேல் தன் முடியைப் பிடுங்கிப் பரப்பி வைத்திருந்தது. அந்த முடியில் கொஞ்சம் அள்ளிப் பிஸ்கட் பெட்டிக்குள் போட்டாள். நாலு குட்டிகளிலும் பூனைக்குட்டிகளின் சாக்குத் துண்டைத் தேய்த்து, வாசத்தை மாற்றி, சீனியின் வயிற்றோடு விட்டாள். இதெல்லாம் அவளுக்கு யார் சொன்னது என்று தெரியாது. சீனி முகர்ந்தது. ஒன்றை நக்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டது.

இரண்டு குட்டிகள் அன்று பின்னேரம் அஸருக்குள் போய்விட்டன. மூன்றாவது செவ்வாய்க்கிழமை. நாலாவது பால் குடித்தது. புதன்கிழமை என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வயிறு உருண்டையா இரிக்கி. தப்பும் போல" என்றாள். அன்று நான் ஏழு சட்டைக்குக் காஜா எடுத்தேன். அன்றுதான் பக்கத்துவீட்டுப் பெண் ஒரு சேவலும் கத்தியுமாக வந்தாள். அறுத்துக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் சுபைறா படலையில் வந்து நின்றாள். "அவர் வாற நேரம். நீங்களும் வாங்க காக்கா. எனக்கு வாய் வராது."

போனேன். மீராசா சைக்கிளைச் சார்த்திவிட்டு, கால் கழுவிக்கொண்டு நேரே பெட்டியடிக்குத்தான் போனார். வயலிலிருந்து பஞ்சுவுக்கென்று ஒரு கட்டுப் புல் கொண்டுவந்திருந்தார். அது கையில் இருந்தது. குனிந்து பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார்.

"இது என்னடி இது? பூனக்குட்டி இல்லயே." விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "பஞ்சுட குட்டியா? மச்சான், பாத்தீங்களா அந்த யாவாரிட வேலய. ரெண்டும் பொட்டயெண்டு சத்தியம் பண்ணினானே. பெரியவ ஆம்புளயா இருந்திரிக்கான். நாம அவனப் புள்ள புள்ளயெண்டு கூப்புட்டுக்கிட்டு இருந்திரிக்கம்."

அவர் சிரித்தார். நாங்கள் இரண்டுபேரும் நின்றோம்.

"மத்ததெல்லாம் எங்க? ஒண்டுதானா போட்ட? பஞ்சு எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் சுபைறாவே சொன்னாள். அவ்வளவு நேராக அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

"பஞ்சு இல்ல. வருத்தமெண்டு நினச்சி நான்தான் அறுக்கக் கொண்டு போன. வயித்துக்குள்ள ஆறு குட்டி. இது ஒண்டுதான் மிச்சம்."

மீராசா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டால் நல்லது என்றும் இருந்தது.

"பிஸ்மி செல்லித்தானே அறுத்த?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் மச்சான்."

"அப்ப சரி."

எழும்பிப் போய்ச் சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுபைறா சோறும் சூடைமீன் பாலாணக் கறியும் வைத்தாள். முழுவதும் சாப்பிட்டார். சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். நான் எப்போது எழும்பி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பெட்டிக்குள் முயல்குட்டி மட்டும் கிடந்தது. சீனி தன் மூன்று குட்டிகளையும் கழுத்தில் கவ்வி எங்கேயோ மாற்றிவிட்டது. பூனைகள் இடம் மாற்றும், அது அதன் வழக்கம். வளவெல்லாம் தேடினார்கள். என் தட்டியடி, கோழிக்கூடு, வைக்கோற்போர் எல்லாம் நானும் பார்த்தேன். காணவில்லை.

"மூண்டக் கொண்டு போயிரிக்கி. நாலாவத எடுக்க வரும்" என்றார் மீராசா.

பெட்டிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். சுபைறா ஆட்டுப்பால் வாங்கிவந்து சூடாக்கி, துணித்திரியில் நனைத்து வாயில் வைத்துப் பார்த்தாள். பால் வாயோரம் வழிந்தது. உள்ளே போகவில்லை. பத்துமணிக்குப் பூனை வந்தது. மீராசா மூச்சைப் பிடித்துக்கொண்டு, முன்பு முயலுக்கு இலை நீட்டியபோது இருந்ததுபோலவே இருந்தார். சீனி பெட்டிக்குள் தலையைப் போட்டு முகர்ந்தது. பிறகு திரும்பி, குசினிப் படியில் உட்கார்ந்து தன் காலை நக்கியது. அதன் பின்னால் மெல்லப் போய்ப் பார்க்கலாம் என்று மீராசா எழும்பினார். அது வேலியில் பாய்ந்து மறைந்துவிட்டது.

ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது குட்டி குளிர்ந்துவிட்டது.

சுபைறா சீனியின் சட்டியில் வழக்கம்போல மீன்தலை வைத்தாள். "அதுக்கு என்ன தெரியும்" என்றாள். மீராசா முருங்கை மரத்தடியில், பெரியவவின் பக்கத்தில் ஒரு சிறு குழி தோண்டினார். பஞ்சுவுக்கு அங்கே இடம் இல்லை. அதன் எலும்புகள் சபியா உம்மாவின் குப்பைக்குழியில் கிடந்தன. அது மூன்றுபேருக்கும் தெரியும். தொழுகை முடிந்ததும் மீராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் சீனியின் குட்டிகள் சபியா உம்மாவின் விறகுக் கொட்டிலுக்குள் அகப்பட்டன. கொழுகொழு என்று இருந்தன.

மாசி பிறந்தது, வயல் வெட்டும் தொடங்கியது. மீராசா நெல்லு வண்டியோடு வந்து போனார். என்னோடு கதைத்தார், மழை பற்றியும் வெட்டுக்காரர் பற்றியும். சத்தம் மட்டும் குறைந்துவிட்டது. மாட்டோடும் மெதுவாகவே கதைத்தார். சுபைறா காலையில் எழும்பிப் புட்டவித்தாள், வரம்போரம் போய் அறுகம்புல் பிடுங்கி வந்தாள். வந்து படலையடியில் நின்று கையைப் பார்ப்பாள். பிறகு மாட்டுக்குப் போட்டுவிடுவாள். இப்படி எத்தனையோ நாள். நான் மெசினை மிதித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறுதலாக ஏதும் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். முயலுக்கு ஆறுதல் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. மையித்து வீடென்றால் போய் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லலாம், யாசீன் ஓதலாம். இதற்கு என்ன செய்வது?

ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுத பிறகு அவள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"உங்கட துணி காக்கா."

அவிழ்த்துப் பார்த்தேன். பஞ்சு பொறுக்கிய துண்டுகள். ஒவ்வொன்றையும் கழுவி, காயவைத்து, மடித்து அடுக்கியிருந்தாள். விரல் நீள வெள்ளைத் துண்டுக்கும் ஒரு மடிப்பு. எந்தத் துண்டு எந்தச் சட்டையில் வெட்டியது என்று எனக்குத் தெரிந்தது. பச்சைப் பட்டில் மட்டும் ஒரு வெள்ளை முடி போகாமல் ஒட்டியிருந்தது.

"இது குப்பைத் துணிதானே புள்ள. என்னத்துக்குக் கழுவின?"

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"காக்கா, ஒண்டு கேக்கன். உண்மையச் செல்லுங்க. புடிக்கக்குள்ள அது உதைச்சா?"

பிறகு சொல்கிறேன் என்றேனே, அதுதான் இது. நான் அறுத்த கோழிகளுக்குக் கணக்கில்லை. வருத்தக் கோழிக்குக் காலில் பலம் இருக்காது. பிடித்தால் துணிபோலத் தொங்கும். பஞ்சுவின் கால்களை நான் பிடித்தபோது அது உதைத்த உதையில் என் பிடி ஒருமுறை கழன்றது. மறுபடி பிடித்தேன். முழங்காலை வைத்து அமத்தினேன். இது சாகப்போகிற பிராணி அல்ல என்று என் கைக்குத் தெரிந்தது. கத்தியை எடுத்தாகிவிட்டது, ஒரு பெண் நம்பிக் கொண்டுவந்திருக்கிறாள், சரிபிழை சொல்லி நிறுத்தினால் நான் என்ன டெயிலர் காக்கா என்று ஏதோ ஒரு எண்ணம். அறுத்துவிட்டேன். இதை மனைவிக்கும் நான் சொல்லவில்லை.

"உதைச்ச புள்ள" என்றேன்.

"பலமாவா?"

"பலமாத்தான். என்ட கையிலிருந்து ஒருக்கா கழண்ட. எனக்கு அப்பவே வெளங்கின. நான் நிப்பாட்டியிருக்கணும்."

அவள் ஏசவேண்டும் என்று நினைத்தேன். மீராசா கேட்காததை எல்லாம் அவளாவது கேட்கவேண்டும். அவள் சட்டையின் கையை முழங்கைவரை மேலே தள்ளினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று நீளக் கீறல்கள், ஆறி, வெள்ளைக் கோடாக இருந்தன.

"ஊட்டுலரிந்து தூக்கிக்கிட்டு வரக்குள்ள" என்றாள். "ஒழுங்கையால வரும் மட்டும் உதைச்சிக்கிட்டுத்தான் வந்த. எனக்கும் வெளங்கின காக்கா."

சட்டைக் கையை இறக்கிவிட்டாள். பொட்டலத்தை மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஒழுங்கையைக் கடந்து வீட்டுக்குப் போனாள்.